அப்பச்சியின் எக்கோ ரிப்போர்ட்டும் மைக்ரோ ஆர்என்ஏவும்

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 64. பல வருடமாக பிபி. மாத்திரையை நினைத்தால் போடுவார், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் விட்டுவிடுவார். போன மாதம் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) ‘கான்சென்ட்ரிக் எல்விஹெச்’, அதாவது இதயத்தின் இடது கீழறைச் சுவர் சுற்றிலும் தடித்திருக்கிறது என்று வந்திருக்கிறது. இடது கீழறையின் நடுச்சுவர் 13 மி.மீ., பம்பிங் (அறையில் இருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் பங்கு) 58 சதவீதம். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து மலேசியாவில் இருக்கும் அம்மானுக்கு (தாய்மாமா) அனுப்பியிருக்கிறார்கள். அவர், “இதயம் தடிப்பதற்கு மைக்ரோ ஆர்என்ஏதான் காரணமாம், அதை அடக்க ஊசி வந்துவிட்டதாம்” என்று ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு லேப், ரத்தத்தில் அதை அளந்து தருகிறோம் என்கிறது. போதாததற்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறொருவர், கவுனி அரிசியில் இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ இதயத்தைச் சரிசெய்யும் என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருக்கிறார். கடைசியில் அவர் கேட்பது: மைக்ரோ ஆர்என்ஏ இதயத்துக்கு நல்லதா, கெட்டதா? டெஸ்ட் எடுக்கலாமா, ஊசிக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி மைக்ரோ ஆர்என்ஏவைப் பற்றி இருந்தாலும் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். அப்பச்சியின் இதயம் தடித்தது நோயா, இல்லை பாரத்துக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொண்டதா? மாற்றியது எது? திருப்ப முடியுமா? அந்த வரிசையிலேயே போகிறேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் படித்து, எலியின் இதயத் தசையில் ஆர்என்ஏ அளக்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் இருந்தவன். இப்போது தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மூலக்கூறு பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் உங்கள் இதய மருத்துவரின் வேலை.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ரத்தக் குழாயில் அழுத்தம் கூடிவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை அந்த அழுத்தத்தை மீறித்தான் ரத்தத்தைத் தள்ள வேண்டும். வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல்கள் பெருகுவது அபூர்வம். வருடத்துக்கு ஒரு சதவீதம், வயதானால் அதற்கும் குறைவாகத்தான் புதிதாக வருகின்றன. எனவே புது ஆள் சேர்க்க வழியில்லாமல் இருக்கிற செல்லே பருக்கிறது. உள்ளே இருக்கும் சுருங்கும் இழைகள் பக்கம் பக்கமாகக் கூடுகின்றன, சுவர் தடிக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுவரின் மேல் விழும் இழுவிசை உள்ளழுத்தத்தோடும் அறையின் ஆரத்தோடும் சேர்ந்து கூடும், சுவரின் தடிமன் கூடக் கூடக் குறையும். இயற்பியலில் லாப்லாஸ் விதி என்பார்கள். அழுத்தம் ஏறும்போது தடிமனும் ஏறினால் ஒவ்வொரு செல்லின் பங்குக்கு வரும் பாரம் பழைய அளவுக்கே வந்துவிடும். ஆக, தடிப்பது ஆரம்பத்தில் புத்திசாலித்தனமான காரியம்தான்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. தசை பருக்கும் வேகத்துக்கு அதற்குள் ஓடும் நுண் ரத்தக் குழாய்கள் வளர்வதில்லை. செல்களுக்கு நடுவே நார்த்திசு படிகிறது. சுவர் விறைத்துப்போய், சுருங்குவது சரியாகவே இருந்தாலும் விரிந்து ரத்தம் வாங்குவது மந்தமாகிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, முகப்பிலிருந்து பின்கட்டு வரை வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். பம்பிங் 58 சதவீதம் என்பது சாதாரண அளவு, நல்ல செய்தி. ஆனால் ஆண்களுக்கு அந்த நடுச்சுவர் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ‘பம்பிங் நார்மல், ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். திருப்புவதற்கு வசதியான கட்டம் இதுதான்.

சரி, மைக்ரோ ஆர்என்ஏவுக்கு வருவோம். ஒரு செல் எந்தப் புரதத்தை எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில் தலையிடும் சின்னத் துண்டு அது. நம் பக்கத்துக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பலகாரம் என்ற மூலப் பட்டியல் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, அது டிஎன்ஏ. அதைப் பார்த்து எழுதிய சீட்டுகள் கோட்டை அடுப்புக்குப் போகின்றன, அவை செய்தி ஆர்என்ஏ. வழியில் ஓர் ஆச்சி நின்றுகொண்டு சில சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறார், சிலதை ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று பிடித்து வைக்கிறார். அவர்தான் மைக்ரோ ஆர்என்ஏ. புதுப் பலகாரம் எதையும் அவர் சேர்ப்பதில்லை, அளவை மட்டும் மட்டுப்படுத்துகிறார்.

செல்லுக்குள் நடப்பது இது. சுமார் 22 எழுத்து நீளம்தான் மைக்ரோ ஆர்என்ஏ. முதலில் நீளமான இழையாக உட்கருவில் எழுதப்படுகிறது. ட்ரோஷா என்ற நொதி அதை வெட்டி, வளைந்து மடிந்த சின்னத் துண்டாக்குகிறது. உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி வெட்டுகிறது. மிஞ்சும் ஓர் இழை ஆர்கோனாட் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, தனக்குப் பொருந்தும் செய்தி ஆர்என்ஏவைத் தேடிப் போகிறது. முழுதாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அதன் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் பொருந்தினால் போதும். இதனால்தான் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான செய்திகளில் கைவைக்கிறது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் குறைக்கிறது. இந்த ‘கொஞ்சம்’ என்பதை ஞாபகத்தில் வையுங்கள், அப்புறம் வேண்டியிருக்கும். 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் குழுக்கள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றில் இதை முதலில் பார்த்தபோது, ஏதோ புழுவின் விசித்திரம் என்றே பலரும் ஒதுக்கினார்கள். 2000இல் இதே மாதிரி இன்னொன்று மனிதன் உட்படப் பல உயிர்களிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதயத்தில் இது என்ன செய்கிறது என்று எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் சுண்டெலியை வைத்து. எலிக்கு மயக்கம் கொடுத்து, மார்பைத் திறந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைத் தேடி எடுப்பார்கள். அதன் பக்கத்தில் 27 கேஜ் ஊசி ஒன்றைப் படுக்கவைத்து, இரண்டையும் சேர்த்துப் பட்டு நூலால் முடிச்சுப் போட்டு, ஊசியை மட்டும் உருவிவிடுவார்கள். தமனி இப்போது அந்த ஊசியின் கனத்துக்குச் சுருங்கி நிற்கும், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உங்கள் அப்பச்சியின் உடம்பில் வருடக்கணக்கில் மெல்ல நடந்தது அந்த எலிக்கு ஒரே நொடியில் நடக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் இதயம் கண்ணுக்குத் தெரியும்படி பெருத்துவிடும். அதை எடுத்து எடை போட்டு, திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்து ஆர்என்ஏ பிரிப்பது எங்கள் வேலையாக இருந்தது. தமனியைச் சுருக்கிய எலியின் இதயத்தையும் சும்மா மார்பைத் திறந்து மூடிய எலியின் இதயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தராசே தேவையில்லை.

2006இல் அமெரிக்காவின் டாலஸில் எரிக் ஓல்சனின் ஆய்வுக்கூடம் இப்படிப் பெருத்த எலி இதயங்களையும் செயலிழந்த மனித இதயத் திசுவையும் ஒப்பிட்டு, சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் ஏறுவதையும் சில இறங்குவதையும் காட்டியது. ஏறியவற்றில் மிர்-195 என்ற ஒன்றை (மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு ‘மிர்’ என்று சுருக்கி எண் போட்டுத்தான் பெயர் வைப்பார்கள்) மட்டும் எலி இதயத்தில் அதிகமாக்கினார்கள். தமனியைச் சுருக்காமலே இதயம் பெருத்துச் செயலிழந்தது. அடுத்த வருடம் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. ஒன்று மிர்-133 பற்றியது. தசையில் நிறைய இருக்கும் இது, இதயம் பெருக்கும்போது குறைகிறது. நல்ல எலியில் இதை மருந்தால் அடக்கினால் இதயம் தானாகப் பெருக்கிறது. அப்படியென்றால் இது பிரேக். இன்னொன்று மிர்-208ஏ. இதயத் தசையின் முக்கியப் புரதமான ஆல்பா மையோசின் மரபணுவின் உள்ளேயே, புரதமாக மாறாத பகுதியில் இது எழுதப்பட்டிருக்கிறது. இதை நீக்கிய எலிகளுக்குத் தமனியைச் சுருக்கியபோது இதயம் பெருக்கவில்லை, நார்த்திசுவும் பெரிதாகப் படியவில்லை. அப்படியென்றால் இது ஆக்ஸிலரேட்டர். இவ்வளவும் உறுதியான செய்திகள், பத்திரிகைகள் எடுத்துக்கொண்டதும் இவற்றைத்தான். அம்மான் அனுப்பிய கட்டுரையிலும் மிர்-208ஏ இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஆனால் அதே மிர்-208ஏ இல்லாத எலிகளின் இதய மின்னோட்டத்தில் கோளாறு வந்தது என்பதைப் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதவில்லை. எலிக்கும் நமக்கும் நடுவே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கும் எலி இதயம் வேகமான ஆல்பா மையோசினில் ஓடுகிறது. பாரம் வந்தால் மெதுவான, சிக்கனமான பீட்டா மையோசினுக்கு மாறுகிறது. மிர்-208ஏ அந்த மாற்றத்துக்குத் தேவைப்படுகிறது. வளர்ந்த மனிதனின் கீழறையிலோ ஏற்கனவே பெரும்பகுதி பீட்டாதான், ஆல்பா சொற்பம். எலியில் திருப்புமுனையாக இருக்கும் அந்த மாற்றத்துக்கு நம்மிடம் பெரிதாக இடமே இல்லை. ‘எலியில் குணமானது’ என்று எதைப் படித்தாலும் முதலில் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.

நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு மிர்-21 சரியான பாடம். 2008இல் ஜெர்மானியக் குழு ஒன்று, நார்த்திசு செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் மிர்-21 ஏறுவதையும், அதை அடக்கினால் எலி இதயத்தில் நார் படிவது குறைவதையும் காட்டியது. ஆகா, வில்லன் கிடைத்துவிட்டான் என்று எல்லோரும் பாய்ந்தார்கள். 2010இல் ஓல்சன் குழு மிர்-21 அறவே இல்லாத எலிகளை உருவாக்கித் தமனியைச் சுருக்கியது. இதயம் வழக்கம்போலவே பெருத்தது, நாரும் படிந்தது. இரண்டு குழுவும் பேர்பெற்றவை, இரண்டும் கவனமாகச் செய்தவை. அடக்கும் மருந்தின் நீளமும் வேதியியலும் வேறு என்பது ஒரு விளக்கம். பிறவியிலேயே ஒன்று இல்லாவிட்டால் உடம்பு வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்ளும் என்பது இன்னொன்று. பிறகு செல்வகையாகப் பிரித்து நீக்கிப் பார்த்தபோது, தசை அல்லாத செல்களில் நீக்கினால் பலன் இருந்தது, தசைச் செல்லில் நீக்கினால் அந்தப் பலன் இல்லை. ரத்தம் தடைபட்டுத் திரும்பி வரும் நேரத்தில் தசைச் செல் சாகாமல் காப்பதில் இதே மிர்-21க்குப் பங்கு இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. எந்தச் செல், எந்த நேரம் என்று சொல்லாமல் நல்லது, கெட்டது என்று இதற்கு முத்திரை குத்த முடியாது. என்னிடம் கேட்டால், இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பாதி இதை மறந்ததால் வந்தவை.

பாரம் என்றாலே கேடு என்பதும் இல்லை. தினமும் ஓடுபவரின் இதயமும் தடிக்கிறது, கர்ப்பிணியின் இதயமும் பெரிதாகிறது. அங்கே நுண்குழாய்களும் கூடவே வளர்கின்றன, நார் படிவதில்லை, ஓட்டத்தை நிறுத்தினால் அல்லது பிரசவமானால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஓடவிட்ட எலிகளில் மிர்-222 என்ற ஒன்று ஏறுகிறது, அது இல்லாமல் அந்த நல்ல வளர்ச்சி நடப்பதில்லை என்று 2015இல் காட்டினார்கள். ஆனால் பிரேக் என்று மேலே சொன்ன மிர்-133 ஓடிய எலியிலும் குறைகிறது, தமனி சுருங்கிய எலியிலும் குறைகிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் என்னிடம் நீட்டி, இந்த இதயம் ஓட்டப்பந்தயத்தில் பெருத்ததா பிபியில் பெருத்ததா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. லேப் விளம்பரத்தைப் பார்க்கும்போது இது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

அந்த ஊசி விஷயம். மைக்ரோ ஆர்என்ஏவை அடக்க அதற்கு எதிர்ப்பொருத்தமாக ஒரு சின்னத் துண்டைச் செயற்கையாகச் செய்து உடம்பில் ஏற்றுவார்கள். இதயம் பலவீனமான நோயாளிகளிடம் முதலில் பரிசோதிக்கப்பட்டது மிர்-132ஐ அடக்கும் மருந்து. பாரம் வந்தால் தசைச் செல்லில் ஏறி, செல் பருப்பதைத் தூண்டி, செல் தன் கழிவைத் தானே செரிக்கும் வேலையைக் குறைப்பது மிர்-132. 2021இல் வெளியான முதல் கட்ட முடிவில் இருந்தவர்கள் 28 நோயாளிகள். மருந்து பாதுகாப்பாகத் தெரிந்தது, சில அளவுகளில் முன்னேற்றத்தின் சாயல் இருந்தது. அந்த 28 பேருமே மாரடைப்பு போன்ற ரத்த ஓட்டக் குறைவால் இதயம் பலவீனப்பட்டவர்கள். உங்கள் அப்பச்சியோ பம்பிங் சரியாக இருந்து சுவர் மட்டும் தடித்தவர். அந்த மருந்து அடுத்த கட்டச் சோதனைக்கும் போனது. ஆனால் நான் இதை எழுதும்வரை, இதயத்துக்காக மைக்ரோ ஆர்என்ஏவை அடக்கும் மருந்து எதுவும் கடைக்கு வரவில்லை. ‘வந்துவிட்டது’ என்ற அம்மானின் சொல்லை ‘சோதித்தார்கள்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு நிதானம் என்று தோன்றலாம். பன்றிகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மிர்-199ஏ தசைச் செல்லைப் பெருக வைக்கக்கூடியது. மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளின் இதயத்தில், வைரஸ் ஒன்றின் முதுகில் ஏற்றி இதைச் செலுத்தினார்கள். 2019இல் முடிவு வந்தது. ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, இதயம் நன்றாகச் சுருங்கத் தொடங்கியது, பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். பிறகு அந்தப் பன்றிகளில் பெரும்பாலானவை துடிப்புத் தாளம் தவறித் திடீரென்று செத்தன. போட்ட மைக்ரோ ஆர்என்ஏ நிற்காமல் வேலை செய்துகொண்டே இருந்தது. செல்கள் பக்குவப்படாத நிலைக்குப் போய்ப் பெருகியதில் இதயத்தின் மின்னோட்டம் குலைந்துவிட்டது. ஒவ்வொரு செய்தியிலும் ‘கொஞ்சம்’ குறைப்பதற்கென்று இருக்கும் ஒன்றை ‘நிறைய’, அதுவும் நிரந்தரமாகப் போட்டால் வரும் வினை அது. இதை மறைக்காமல் வெளியிட்ட அந்தக் குழுவின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அடுத்து ரத்தப் பரிசோதனை. மைக்ரோ ஆர்என்ஏ ரத்தத்தில் மிதக்கிறது, அளக்கவும் முடியும், இதில் பொய் இல்லை. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் மிர்-208ஏ, மிர்-499 போன்றவை ஏறுவதும் உண்மை. அளப்பதில்தான் தொல்லை. ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தால் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். ஊசி குத்தும்போது தடுமாறினாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து லேசான ரோஜா நிறம் வரும். அந்த நிறம் வந்துவிட்டால் சிவப்பணுவில் இருக்கும் மிர்-451, மிர்-16 எல்லாம் பிளாஸ்மாவில் கொட்டிக் கணக்கைக் குழப்பும். எங்கள் கூடத்தில் அப்படிப்பட்ட குழாயை ஒளிமானியில் வைத்துப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுத்திருந்தால் அது அளக்கும் வேதிவினையையே தடுக்கும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குத் தட்டணுக்களிலிருந்து வரும் மைக்ரோ ஆர்என்ஏ அளவே மாறும். உங்கள் பக்கத்து ரத்தச் சேகரிப்பு மையத்தில் எடுத்த குழாய், வெயிலில் வண்டியில் போய், வேறு ஊரில் அளக்கப்படுகிறது என்றால் நடுவில் என்ன ஆனது என்று யார் சொல்வது?

எல்லாம் சரியாக அளந்தாலும், அந்த எண்ணை வைத்து மருத்துவர் எந்த மாத்திரையையும் மாற்றப் போவதில்லை. இதய நோயில் மைக்ரோ ஆர்என்ஏ அளவைப் பார்த்து முடிவெடுக்கும்படி எந்த மருத்துவ வழிகாட்டுதலும் இல்லை. மாரடைப்புக்கு ட்ரோபோனின், இதயம் திணறுகிறதா என்பதற்கு என்டி-ப்ரோபிஎன்பி, இரண்டும் சாதாரண லேபிலேயே கிடைக்கின்றன. என்ன அளவு வந்தால் என்ன செய்வது என்பதும் தெளிவாக இருக்கிறது. அந்த லேப் டெஸ்டுக்கு ஆகும் பணத்துக்கு, மேல்கையில் கட்டி அளக்கும் நல்ல பிபி கருவி ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள்.

கவுனி அரிசிச் செய்திக்கு ஓர் ஊற்று உண்டு, முழுக்கக் கற்பனை இல்லை. 2012இல் சீனாவின் நான்ஜிங்கைச் சேர்ந்த குழு ஒன்று, அரிசியில் இருக்கும் மிர்-168ஏ மனித ரத்தத்தில் கிடைத்ததாகவும், அது எலியின் கல்லீரலில் கொழுப்புச் சுத்திகரிப்பைப் பாதித்ததாகவும் எழுதியது. உலகமே பேசியது. பிறகு வேறு ஆய்வுக்கூடங்கள் எலிக்கும் குரங்குக்கும் தாவர உணவு கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அந்த மைக்ரோ ஆர்என்ஏ வேலை செய்யும் அளவுக்குச் சேரவே இல்லை. கவனித்தீர்களா, மூலக் கட்டுரையே அரிசி இதயத்தை ஆற்றும் என்று சொல்லவில்லை, சொல்லப்போனால் கெட்ட கொழுப்பு ஏறும் என்றுதான் சொன்னது! வாட்ஸ்அப்பில் வரும்போது அது தலைகீழாகிவிட்டது. கவுனி அரிசி நல்ல தானியம், அதன் கருநிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் வேறு விஷயம். ஆனால் நம் வீடுகளில் அதைச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் குழைத்துத்தானே சாப்பிடுகிறோம். விசேஷத்துக்குச் சாப்பிடட்டும், மருந்தென்று சொல்லி இரண்டாம் தடவை பரிமாற வேண்டாம்.

திருப்ப முடியுமா என்பதற்கு வருகிறேன். முடியும், இதற்கு ஊசிச் சோதனையின் 28 பேரின் சாட்சியைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. பிபியும் ஈசிஜியில் தடிப்பின் அடையாளமும் உள்ள 9,193 பேரை வைத்து, லைஃப் என்ற பெயரில் நடந்த சோதனையின் முடிவு 2002இல் வந்தது. லோசார்டான், அட்டெனலால் இரண்டும் பிபி மாத்திரைகள்; லோசார்டான் கொடுத்தவர்களுக்கும் அட்டெனலால் கொடுத்தவர்களுக்கும் பிபி ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. லோசார்டான் பக்கம் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது, பக்கவாதமும் குறைந்தது. தடிப்பு எவருக்குக் குறைந்ததோ அவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாக வந்தன என்பது அதே சோதனையின் தொடர் ஆய்வில் தெரிந்தது. உங்கள் அப்பச்சிக்கு லோசார்டான் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருடைய சிறுநீரகம், பொட்டாசியம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். நான் சொல்வது, எழுதிக் கொடுத்ததை ஒரு நாளும் விடாமல் போட வேண்டும் என்பது. நன்றாக இருக்கும் நாளில் மாத்திரையை விடுவதுதான் உங்கள் கேள்வியிலேயே என்னைக் கவலைப்பட வைத்த வரி.

இதில் மைக்ரோ ஆர்என்ஏ எங்கே என்று கேட்டால், பின்னணியில் இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் மிர்-132ஐ ஏற்றுகிறது என்பதற்குச் சான்று உண்டு. லோசார்டான் வகை மருந்துகள் தடுப்பது அந்த ஹார்மோனின் வேலையைத்தான். அப்படியென்றால் சாதாரண பிபி மாத்திரையே ஓரளவு அந்த மைக்ரோ ஆர்என்ஏவையும் அடக்கலாம். இது நியாயமான ஊகம். மாத்திரையின் பலனில் எத்தனை பங்கு இந்த வழியாக வருகிறது என்று யாரும் பிரித்துக் காட்டியதில்லை.

உப்பைப் பற்றி ஆத்தாவிடம், அதாவது உங்கள் அம்மாவிடம், சொல்ல வேண்டும். உப்பு கொடுத்தால் பிபி எகிறும்படி வளர்த்த டால் என்ற எலி வகை ஒன்று இருக்கிறது. உப்புத் தீனி போட்டே அதன் இதயத்தைத் தடிக்கவைத்துச் செயலிழக்க வைக்கலாம். மிர்-208ஏவை அடக்கும் மருந்து இந்த எலிகளின் ஆயுளைக் கூட்டியது என்று 2011இல் வந்த கட்டுரை இத்துறையில் பிரபலம். அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அந்த எலிக்கு உப்பை நிறுத்தியிருந்தாலே போதுமே என்பதுதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்கிறது, ஒரு தேக்கரண்டி மட்டம். குழம்பில் போடுவது கண்ணுக்குத் தெரியும். உப்புக்கண்டம், மோர் மிளகாய், அப்பளம், வத்தல், ஊறுகாய் இவற்றில் ஏறுவது தெரிவதில்லை. மதியச் சாப்பாட்டில் இரண்டு வத்தலும் ஒரு மாங்காய் ஊறுகாயும் வைத்துவிட்டு, குழம்பில் உப்பைக் குறைத்தேன் என்பது கணக்கில் வராது.

அம்மான் சொல்வதுபோல் ஏதாவது புது மருந்துச் சோதனையில் அப்பச்சியைச் சேர்க்கலாமா என்றும் யோசிப்பீர்கள். இந்தியாவில் நடக்கும் சோதனைகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே இல்லாத ஒன்றைச் சொல்லி யாராவது ஊசிக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த எக்கோ எப்போது என்று டாக்டர் சொல்வார். தடிப்பு குறைவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை, அடுத்த வாரமே எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. எடுக்கும்போது முடிந்தவரை அதே இடத்தில், அதே ஆளிடம் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். அளப்பவர் மாறினாலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். 13 என்பது 12 ஆனது மாத்திரையாலா, அளந்தவரின் கையாலா என்ற சந்தேகம் அப்போது உங்களுக்குக் கொஞ்சம் குறையும்.